பட்டினி கிடந்தால் பஸ்ஸில் நிம்மதியாகப் போகலாமா?

மதுரையில் வீடு, ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை என்று ஓர் ஆசிரியை ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 41. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண விருந்துக்குப் போய்வந்த மறுநாள், வீட்டில் நான்கு பேருக்கும் வாந்தி, பேதி. மற்ற மூன்று பேருக்கும் இரண்டு நாளில் சரியாகிவிட்டது. இவருக்கு மட்டும் "வயிறு பழைய வயிறாகவே ஆகவில்லை". காலை ஏழு மணிக்கு ஆரப்பாளையத்தில் பஸ் ஏற வேண்டும். பஸ் கிளம்பும் நேரம் பார்த்து வயிறு கடமுடா என்று புரள ஆரம்பிக்கும்; அடிவயிற்றைப் பிடித்து முறுக்கும்; போய்விட்டு வந்தால் வலி விடும். வாரத்தில் மூன்று நான்கு நாள் இப்படித்தான். ஒருநாள் செக்கானூரணி தாண்டியதும் அடக்க முடியாமல் இறங்கி, முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். அந்த வீட்டம்மா எதுவும் கேட்காமல் கொல்லைப் பக்கம் கையைக் காட்டினாராம். இதைக் கணவரிடம்கூட இன்றுவரை சொல்லவில்லை.

அன்றிலிருந்து பள்ளி நாட்களில் காலைச் சாப்பாடு கிடையாது. ஆறரை மணிக்கு ஒரு டம்ளர் காபி மட்டும். மதியம் நாலு வாய். தண்ணீர், தொண்டை நனைய. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை இரண்டு. மூன்று வருடங்களாக, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல். அவ்வப்போது மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக். பட்டினி கிடந்து அல்சர் வந்துவிட்டது என்கிறார் அம்மா. குடல் ஏறியிருக்கிறது, தட்டி எடுத்தால் சரியாகும் என்கிறார் மாமியார். அந்த மாமியாரை அடுத்த மாதம் காசிக்கு அழைத்துப் போக வேண்டும். ரயிலில் இரண்டு இரவு. "லீவு கிடைக்கவில்லை என்று பொய் சொல்லிவிடலாமா, இல்லை பயணத்துக்கென்று பலமான மாத்திரை ஏதாவது இருக்கிறதா?" இதுதான் அவருடைய கேள்வி.

கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் இன்னொன்றும் இருக்கிறது. பள்ளியில் நடந்த முகாமில் ஹீமோகுளோபின் 9.4 வந்ததாம். சோர்வாக இருக்கிறதாம், முடி கொட்டுகிறதாம்.

டீச்சர், உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை பஸ்ஸுக்காக, இரண்டாவது தடவை அந்த 9.4-க்காக. என்னைக் கேட்டால் உங்கள் கடிதம் அந்த எண்ணில்தான் ஆரம்பித்திருக்க வேண்டும். ஆனால் நீங்கள் கேட்டது பஸ்ஸைப் பற்றி. அதை முதலில் பேசிவிடுவோம்.

காலி வயிறு காலிக் குடல் ஆகாது

இன்று காலை நீங்கள் சாப்பிடாமல் விட்ட இட்லிக்கும் இன்று காலை உங்களை ஓடவைக்கும் சமாச்சாரத்துக்கும் சம்பந்தமே இல்லை. வாயில் போட்டது வெளியே வர ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை ஆகும். காலையில் பெருங்குடலில் நிற்பது நேற்றையது, முந்தாநாளையது. ஒரு வேளை சாப்பாட்டை விட்டால் வயிறுதான் காலியாகும். பெருங்குடலில் இருப்பது அப்படியேதான் இருக்கும்.

அப்புறம் நீங்கள் உண்மையில் பட்டினியும் இல்லை. ஆறரை மணிக் காபியைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டீர்கள். வயிற்றுக்குள் ஏதாவது இறங்கியதும், "இடம் பண்ணு" என்று பெருங்குடலுக்குச் சேதி போகும். எல்லோருக்கும் உள்ள இயற்கையான ஏற்பாடுதான் இது. காலையில் எழுந்ததும் அது பலமாக இருக்கும். காபிக்கு இந்த விஷயத்தில் தனிக் கெட்டிக்காரத்தனம் உண்டு. சிலருக்குக் குடித்த சில நிமிடங்களிலேயே பெருங்குடல் அசைய ஆரம்பித்துவிடும். பழைய மதுரையில் மில் சங்கு ஊதியதும் ஷிப்டுக்கு ஆள் கிளம்புவது போல. நீங்கள் ஆறரைக்குச் சங்கை ஊதிவிட்டு ஏழு மணிக்குப் பஸ்ஸில் உட்காருகிறீர்கள். நாகமலை புதுக்கோட்டை வருவதற்குள் ஷிப்ட் தொடங்கிவிடுகிறது.

அதனால் சங்கின் நேரத்தை மாற்றுங்கள். ஐந்து மணிக்கு எழுந்து, ஐந்தே காலுக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் காபியும். ஐந்தரைக்கு இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கூழோ. ஐந்தே முக்காலுக்குக் கழிப்பறைக்குப் போங்கள். வந்தாலும் வராவிட்டாலும் பத்து நிமிடம் உட்காருங்கள். போன் வெளியே இருக்கட்டும். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கு அடியில் அரையடி, முக்காலடி உயர முக்காலி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். முதல் வாரம் பெரிய மாற்றம் தெரியாது. இரண்டு, மூன்று வாரம் விடாமல் செய்தால் குடல் நேரத்துக்குப் பழகும். ஐந்து மணிக்கு எழுவதா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இப்போதும் நீங்கள் ஐந்தரைக்கு எழுந்து பயந்துகொண்டுதான் இருக்கிறீர்கள்.

தண்ணீர் விஷயத்திலும் ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது. நாம் குடிப்பது, எச்சில், வயிற்று நீர், பித்தம், கணைய நீர் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 9 லிட்டர் சிறுகுடலுக்குள் வருகிறது. அதில் மலத்தோடு வெளியே போவது 100, 200 மில்லிதான். மற்றதையெல்லாம் குடல் உறிஞ்சிக்கொள்கிறது. நீங்கள் அரை லிட்டர் கூடக் குடித்ததால் பேதி வராது. குடிக்காமல் இருந்தால் தலைவலி, சோர்வு, நீர்க்கடுப்பு கட்டாயம் வரும். சிறுநீரை அடக்கியே பழகிய ஆசிரியைகள் நீர்க்கடுப்போடு வருவதை வருடம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வாரம் முழுக்க அடைத்து, ஞாயிற்றுக்கிழமை திறப்பது

லோபரமைடு கெட்ட மாத்திரை இல்லை. குடலின் அசைவை மெதுவாக்கும், தண்ணீரை உறிஞ்ச நேரம் கொடுக்கும். ஒரு நேர்காணல், ஒரு நீண்ட பஸ் பயணம் என்று அவசியமான நாளில் ஒன்று போட்டுக்கொள்வதில் தப்பு இல்லை. நீங்கள் செய்வது வேறு. ஐந்து நாள் மதகை அடைத்துவைத்து ஞாயிற்றுக்கிழமை திறந்துவிடுகிறீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வயிறு பானை மாதிரி ஊதுவதும், ஞாயிற்றுக்கிழமை கழிப்பறையிலேயே கழிவதும் நோயினால் மட்டும் இல்லை. பாதி அந்த மாத்திரையின் வேலை. போதவில்லை என்று எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போகிறவர்களையும் பார்க்கிறேன். அளவு மிக அதிகமானால் அது இதயத் துடிப்பின் ஒழுங்கையே குலைக்கும். காய்ச்சல் இருந்தாலோ மலத்தில் ரத்தம் வந்தாலோ அதைத் தொடவே கூடாது. கிருமியை உள்ளேயே பூட்டி வைப்பது போல ஆகிவிடும்.

கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக்கை இன்றோடு விடுங்கள். உங்கள் வயிற்றில் இப்போது கொல்ல வேண்டிய கிருமி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. நல்லது செய்யும் கிருமிகள்தான் செத்துக்கொண்டிருக்கின்றன.

பான்டோபிரசோல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வயிற்று அமிலம் நம் வாசல் காவல்காரன். உணவோடு உள்ளே வரும் கிருமிகளில் பெரும்பாலானவை அங்கேயே செத்துப்போகும். மூன்று வருடங்களாகக் காவல்காரனைத் தூங்கவைத்துவிட்டுக் காசிக்குக் கிளம்பினால், அந்த ஊர்த் தண்ணீர் மற்றவர்களை விட உங்களைச் சுலபமாகப் படுத்தும். அமிலம் குறைந்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதும் குறையும். 9.4-ஐ இங்கேயே ஒரு தடவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்செரிச்சல் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இந்த மாத்திரை எதற்கு? ஆனால் ஒரேயடியாக நிறுத்தினால் சில வாரம் அமிலம் துள்ளும், "பார்த்தாயா, அல்சர்தான்" என்று மறுபடியும் ஆரம்பித்துவிடுவீர்கள். உங்கள் மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள்.

அல்சரும் இல்லை, குடலும் ஏறவில்லை

நம் ஊரில் வயிற்றில் எது நடந்தாலும் அல்சர், இல்லாவிட்டால் கேஸ். குடல் புண்ணுக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு: எச். பைலோரி என்ற கிருமி, வலி மாத்திரைகள். கிருமிதான் காரணம் என்று சொன்னபோது யாரும் நம்பாததால், பேரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்துக் காட்டினார். 2005-ல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பட்டினியை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் பட்டினியால்தான் புண் வந்தது என்ற அம்மாவின் தீர்ப்பு சரியில்லை. உங்கள் வலி மேல்வயிற்றில் இல்லை, அடிவயிற்றில். போய்வந்தால் விடுகிறது. அது அல்சரின் போக்கு இல்லை.

குடல் ஏறுவதும் இல்லை, தட்டினால் இறங்குவதும் இல்லை. எண்ணெய் தேய்த்து வயிற்றை நீவிவிட்டால் இதமாக இருக்கும்; அந்த அளவுக்குச் சரி. அமுக்கித் தட்டவிடாதீர்கள்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்) என்று நாங்கள் சொல்லும் குடல் கோளாறாகவே தெரிகிறது. மூன்று மாதமாக வாரத்தில் ஒரு நாளாவது வயிற்று வலி, அது மலம் கழிப்பதோடு சேர்ந்து வருவதும் போவதும், கழிக்கும் தடவையிலும் பதத்திலும் மாற்றம், தொந்தரவு ஆரம்பித்து ஆறு மாதத்துக்கு மேல்: உங்களுக்கு எல்லாம் பொருந்துகிறது. கடுமையான வாந்தி பேதி வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கிருமி போன பிறகும் குடல் இப்படித் தொட்டாற்சிணுங்கியாகிவிடும். கல்யாண வீட்டில் நான்கு பேர் சாப்பிட்டு உங்களுக்கு மட்டும் ஏன் என்று கேட்டிருந்தீர்கள். காரணம் இதுவாகவே இருக்கலாம். ஸ்கேனில் எதுவும் தெரியாது, எண்டோஸ்கோப்பியில் எதுவும் தெரியாது. அதைப் பார்த்துவிட்டு "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பிவைக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஒன்றுமில்லாமல் யாரும் செக்கானூரணியில் பஸ்ஸை விட்டு இறங்க மாட்டார்கள்.

அந்த 9.4

இப்போது இதற்கு வருகிறேன். ஐ.பி.எஸ். ரத்தசோகையை உண்டாக்காது. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 9.4 என்பது, வாரந்தோறும் மாணவிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை எடுத்துக்கொடுக்கும் டீச்சருக்கு நான் விளக்க வேண்டிய எண் இல்லை.

உங்கள் வயதில் முதல் சந்தேகம் மாதவிடாய்மேல். ஆறு பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எத்தனை நாள் போகிறது, கட்டிகட்டியாகப் போகிறதா, ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் மாற்றுகிறீர்கள் என்பதை மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அந்த நாட்களில் பேதி கூடுகிறதா என்பதையும் கவனியுங்கள், பலருக்குக் கூடும். இரண்டாவது, அரைவயிற்றுச் சாப்பாடு. மூன்றாவது, மேலே சொன்ன பான்டோபிரசோல். இந்த மூன்றுமே சேர்ந்திருக்கலாம். ஆனால் குடலுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிகிறதா, சத்தை உறிஞ்சவிடாத நோய் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்காமல் இதை முடிக்கக் கூடாது.

எடை குறையவில்லை, மலத்தில் ரத்தம் பார்த்ததில்லை, ராத்திரி தூக்கத்திலிருந்து பேதி எழுப்பியதில்லை, வீட்டில் யாருக்கும் குடல் புற்றுநோய் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. இவற்றில் எது மாறினாலும் காத்திருக்க வேண்டாம். இப்போதைக்கு முழு ரத்த எண்ணிக்கை, உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, மலப் பரிசோதனை போதும். அதோடு கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கு ஒரு ரத்தப் பரிசோதனை. வடக்கைவிடத் தமிழ்நாட்டில் அது மிகவும் குறைவுதான், ஆனாலும் ரத்தசோகையும் வயிற்றுக் கோளாறும் சேர்ந்து வந்தால் பார்த்துவிடுவோம். ஒரு எச்சரிக்கை: யாராவது சொன்னார்கள் என்று கோதுமையை நிறுத்திவிட்டு இந்தப் பரிசோதனைக்குப் போகாதீர்கள். நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடும். பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி வேண்டுமா என்பதை இந்த முடிவுகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே குடல் நோய்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

இரும்பு மாத்திரை தொடங்கினால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். காபி, டீயோடு சேர்த்துப் போடாதீர்கள். ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

காசிக்குப் போகலாமா?

மூன்று வழி இருக்கிறது. பொய் சொல்லித் தப்பிக்கலாம். இந்தத் தடவை தப்பிப்பீர்கள், அடுத்தது ராமேஸ்வரம், அதற்கடுத்தது யாரோ வீட்டுக் கல்யாணம். இரண்டாவது, பரிசோதனையில் ஏதாவது வந்து மருத்துவர் தள்ளிப்போடச் சொன்னால் தள்ளிப்போடலாம். அது நியாயமான காரணம், பொய் தேவையில்லை. மூன்றாவது, போவது. முடிவுகள் சரியாக இருந்தால் நான் போகத்தான் சொல்வேன். ஒன்றைக் கவனித்தீர்களா? உங்கள் பயம் பஸ்ஸைப் பற்றியது. ரயில் பெட்டியின் இரண்டு முனையிலும் கழிப்பறை இருக்கிறது. நினைத்த நேரத்தில் எழுந்து போகலாம், யாரையும் நிறுத்தச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம். உங்களைப் போன்றவர்களுக்கு ஆண்டிபட்டிப் பயணத்தைவிடக் காசிப் பயணம் சுலபம். (அந்த வழியில் 2022-லிருந்து தேனிக்கும் 2023-லிருந்து போடிக்கும் ரயில் ஓடுகிறதே, நேரம் ஒத்துவந்தால் என்றைக்காவது வீடு திரும்ப அதையும் பாருங்கள்.)

*கட்டுச்சோறு.* முதல் நாளுக்கு இட்லியும் எண்ணெய் விட்ட மிளகாய்ப் பொடியும். தேங்காய்ச் சட்னி வேண்டாம், மதியத்துக்குள் ஊசிவிடும். புளியோதரை நல்லதுதான், ஆனால் கிளம்பிய அன்றே முடித்துவிடுங்கள். "ரெண்டு நாள் தாங்கும்" என்பது ரயில் பெட்டியின் சூட்டைக் கணக்கில் எடுக்காத பேச்சு. சிறுமலைப் பழம் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். தோலுரித்துச் சாப்பிடும் பழத்தைவிடப் பத்திரமான ரயில் சாப்பாடு இல்லை. பெரிய வெங்காயம், பூண்டு, பயறு, பால், கோதுமை இவை ஐ.பி.எஸ். உள்ளவர்களில் பலருக்கு வயிற்றை ஊதவைக்கும். எல்லாவற்றையும் ஒதுக்கச் சொல்லவில்லை, அப்படி ஒதுக்கித்தான் 9.4-க்கு வந்திருக்கிறீர்கள். கிளம்புவதற்கு முன் இரண்டு வாரம் பாலை மட்டும் நிறுத்திப் பாருங்கள். ஜிகர்தண்டா குடித்தால் ஒரு மணி நேரத்தில் வயிறு புரள்கிறது என்றீர்களே, பாலும் ஐஸ்கிரீமும் சேர்ந்த ஒன்று அது. வயது வந்தபின் பால் சர்க்கரையைச் செரிக்க முடியாதவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். தயிர், மோர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். காசியில் லஸ்ஸி மாமியாருக்கு, உங்களுக்கு வேண்டாம்.

*தண்ணீர்.* சீல் உடையாத பாட்டில், அல்லது கொதிக்கவைத்தது. ஐஸ் வேண்டாம். பல் துலக்கவும் அதே தண்ணீர். கங்கையைத் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள், முங்கி எழுங்கள். வாய்க்குள் ஒரு சொட்டும் போக வேண்டாம். தீர்த்தம் என்றால் ஒரு வாயாவது குடிக்க வேண்டும் என்று மாமியார் சொல்வார். அந்தச் சண்டையை மதுரையிலேயே போட்டு முடித்துவிடுங்கள். கைக்கு சானிடைசரை மட்டும் நம்பாதீர்கள். வாந்தி பேதி உண்டாக்கும் சில வைரஸ்கள் அதற்கு மசியாது. சோப்புத் தண்ணீர்தான்.

*உடுப்பு.* ஆண் மருத்துவர்கள் சொல்லாமல் விடுவது இது, நானும் என் மனைவி சொல்லித்தான் கற்றுக்கொண்டேன். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் ஊதிய வயிற்றுக்கு மூச்சுமுட்டும், சாப்பிட்டது மேலே எதுக்களிக்கும். பயணத்துக்குச் சுடிதார், அதுவும் எலாஸ்டிக் வைத்தது.

*பை.* ஓ.ஆர்.எஸ். (பேதிக்குக் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலம் ஆறு, லோபரமைடு நான்கே நான்கு, ஒரு சோப்பு, மாற்றுத் துணி ஒன்று. ஓ.ஆர்.எஸ். வாங்கும்போது உலகச் சுகாதார நிறுவனத்தின் வாய்ப்பாட்டில் செய்தது என்று உறையில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துக்களை இனிப்புப் பானங்கள்மேல் போட்டு விற்றதைத்தான் 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்தது. ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். "கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் கலந்துக்கலாம்" என்பது பிசகு. பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

மாமியாருக்கு

உங்களைவிட அவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. 70 வயது, சுகர், பிரஷர். சுகருக்குப் போடும் மெட்ஃபார்மின் மாத்திரையே சிலருக்கு வயிற்றைக் கலக்கும். நல்ல பேதி வந்து உடம்பில் நீர் வற்றும்போது மெட்ஃபார்மினும் நீர் பிரிய வைக்கும் பிரஷர் மாத்திரையும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டிருந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. எதை நிறுத்த வேண்டும், எதைத் தொடர வேண்டும் என்று அவருடைய மருத்துவரிடம் இப்போதே கேட்டு ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள். நடுவழியில் யோசிக்கிற விஷயமில்லை இது. சுகர் இருப்பதால் ஓ.ஆர்.எஸ். கொடுக்கப் பயப்படுவார்கள், ஒரு லிட்டரில் இருக்கும் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், பேதியின்போது அதைக் கொடுக்காமல் இருப்பதுதான் ஆபத்து. மயக்கம், சிறுநீர் போகாமல் இருப்பது, காய்ச்சல், ரத்தம் இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. ரயிலில் என்றால் 139-க்குப் போன் செய்யுங்கள்.

செக்கானூரணி வீடு

ஆறு பக்கத்தில் நான்கு வரியில் நீங்கள் கடந்துபோன இடம். நான் அங்கேதான் நின்றேன். அதற்கு முந்திய ஒரு வருடம் வயிறு தொந்தரவு செய்தது, நீங்கள் சாப்பிட்டீர்கள், வேலைக்குப் போனீர்கள். அந்த ஒரு காலைக்குப் பிறகுதான் பட்டினி, தினசரி மாத்திரை, வெளியூர் வேண்டாம் என்ற முடிவு எல்லாமே. குடலுக்கும் மூளைக்கும் நடுவில் எந்நேரமும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டே இருக்கும். பயந்தால் பெருங்குடல் முறுக்கிக்கொள்ளும். முறுக்கினால் இன்னும் பயம் வரும். பஸ் ஹாரனே இப்போது உங்கள் வயிற்றுக்கு அழைப்புமணியாகிவிட்டது. "எல்லாம் மனசுதான்" என்று நான் சொல்லவில்லை. குடல் உண்மையாகவே முறுக்குகிறது.

இதற்கு மருந்து இருக்கிறது. அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையை மிகக் குறைந்த அளவில், 10 மில்லிகிராமில் ஆரம்பித்து, ராத்திரியில் கொடுப்போம். அட்டையில் மன அழுத்தத்துக்கானது என்று போட்டிருக்கும், பயந்துவிடாதீர்கள். இந்த அளவில் அது குடலின் நரம்புகளை அமைதிப்படுத்தி, ஓட்டத்தையும் மெதுவாக்கும். வாய் உலரும், காலையில் கொஞ்சம் தூக்கம் கலையாது. மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். கடிதத்தை வைத்து நான் எழுதித் தர மாட்டேன். மனநல ஆலோசகரிடம் ஆறு, எட்டு அமர்வு போவதும் ஐ.பி.எஸ்.-க்கு மருந்துக்குச் சமமாக உதவும்.

கூடவே இரண்டு காரியம் செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாத்திரை போடாமல், சாப்பிட்டுவிட்டு, கணவரோடு அதே வழியில் உசிலம்பட்டி வரை பஸ்ஸில் போய் வாருங்கள். எந்த நிறுத்தத்தில், எந்தப் பெட்ரோல் பங்கில் கழிப்பறை இருக்கிறது என்று ஒரே ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தினமும் அதையே எண்ணிக்கொண்டு போவதற்கு இல்லை, ஒரு தடவை தெரிந்தால் போதும். இரண்டாவது, அந்த வீட்டுக் கதையைக் கணவரிடம் சொல்லுங்கள். பள்ளியில் நம்பிக்கையான ஒரு சக ஆசிரியையிடமும் சொல்லலாம். என் அறைக்கு வந்து கதவைச் சாத்திய பிறகும் குரலைத் தாழ்த்தி இதைச் சொல்கிறவர்கள் அநேகம் பேர். உங்கள் பஸ்ஸிலேயே இன்னும் இரண்டு பேர் இருப்பார்கள்.

வருகிற சனிக்கிழமை ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். நான் எழுதியிருக்கும் எதற்கும் வெறும் வயிறு தேவையில்லை. சாப்பிட்டுவிட்டே போகலாம்.